‘ஸ்ட்ரெட்ச்’ விமானம்: தமிழில் எப்படிச் சொல்வது?

பறந்துகொண்டிருக்கும் ஒரு விமான வகையின் உடலை நீளமாக்கி, கூடுதல் இருக்கை வைத்து, புதிய வடிவமாக விற்பதற்கு விமானத் தொழிலில் ‘ஸ்ட்ரெட்ச்’ என்று பெயர். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘நீட்டிக்கப்பட்ட விமானம்’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அது உறுத்துகிறது. நீட்டிப்பு என்றதும் பதவி நீட்டிப்பு, கால நீட்டிப்பு என்று காலம்தான் நினைவுக்கு வரும். பழைய விமானத்துக்கு இன்னும் ஐந்து வருடம் ஆயுள் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று ஒருவர் நினைத்தால் அவர் மேல் தப்பில்லை. ‘இழுக்கப்பட்ட விமானம்’ இன்னும் மோசம். ரப்பரை இழுக்கலாம். அலுமினியக் குழாயை யாரும் இழுப்பதில்லை.

அப்படியானால் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? கனடாவின் கனடேர் நிறுவனம் செய்ததைப் பார்த்தால் தெளிவாகிவிடும். அவர்களிடம் சேலஞ்சர் என்ற சிறிய ஜெட் இருந்தது. 1978-ல் முதலில் பறந்தது. பெரிய முதலாளிகள் சோபாவில் சாய்ந்துகொண்டு போகும் ரகம், நீளம் 20.85 மீட்டர். 1986-ல் கனடேர், பம்பார்டியர் என்ற இன்னொரு கனடா நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, இதையே 50 பேர் போகும் வட்டார விமானமாக, அதாவது குறைந்த தொலைவு ஊர்களுக்கிடையே ஓடும் சிறிய பயணிகள் விமானமாக மாற்றினார்கள். இறக்கைக்கு முன்னால் 3.25 மீட்டர், பின்னால் 2.67 மீட்டர் என்று இரண்டு உருளைத் துண்டுகளைச் சேர்த்தார்கள். மொத்தம் 5.92 மீட்டர் கூடி, நீளம் 26.77 மீட்டர் ஆனது. இதுதான் 1991-ல் பறந்த சிஆர்ஜே 100 (சிஆர்ஜே என்றால் கனடேர் வட்டார ஜெட்).

அந்த இரண்டு துண்டும் ஏன் ஒரே அளவில் இல்லை? விமானத்தைத் தராசு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கை இருக்கும் இடம்தான் தராசின் முள். சேலஞ்சரின் இரண்டு எஞ்சின்களும் வாலுக்குப் பக்கத்தில் இருப்பதால் பின்பக்கம் ஏற்கெனவே கனம். அதை ஈடுகட்ட முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக நீள வேண்டும்.

இந்தத் துண்டை ஆங்கிலத்தில் ‘பிளக்’ என்பார்கள். நம் தையற்கடையில் குட்டையாகிப்போன பாவாடைக்கு அடியில் துணி சேர்ப்பதை ஒட்டுக் கொடுப்பது என்போம். ஒட்டு பொதுவாக ஓரத்தில் வருவது. இதுவோ நடுவில் நுழைவது. அதனால் ‘செருகு வளையம்’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எல்லா விமானத்திலும் இப்படிச் செருகிவிட முடியாது. உடற்பகுதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பியூசலாஜ்’ பிரெஞ்சிலிருந்து வந்த சொல். நூல் நூற்கும் கதிரின் வடிவம் கொண்டது என்பது அதன் பொருள். நடுவில் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கும் கதிரை எங்கே வெட்டி எதைச் செருகினாலும் மேடு பள்ளமாகத்தான் நிற்கும். நெடுக ஒரே பருமனுள்ள குழாயாக இருந்தால் வேலை சுலபம். பெயரில் கதிர் இருந்தாலும் இன்றைய பயணிகள் விமானம் குழாய்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். தமிழில் ‘நீள்’ என்றால் தானாக நீளுவது, ‘நீட்டு’ என்றால் இன்னொருவர் நீளச் செய்வது. விமானம் தானாக நீளவில்லை, ஆகவே ‘நீட்சி’யும் சரிவராது. ‘நீட்டல்’தான் வேண்டும். இந்தச் சொல் நம் இலக்கணத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. செய்யுளில் ஓசை நிறைய வேண்டும் என்பதற்காகக் குறிலை நெடிலாக்கி ‘நிழல்’ என்பதை ‘நீழல்’ என்று பாடுவதற்கு நீட்டல் என்று பெயர். சொல் அதேதான், பொருளும் அதேதான், அளவு மட்டும் கூடுகிறது. விமானத்திலும் அதே மூக்கு, அதே விமானி அறை, அதே வால், நடுவில் மட்டும் நீளம். இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எனக்குத் தெரியவில்லை.

இலக்கணத்தில் நீட்டலுக்குப் பக்கத்திலேயே ‘குறுக்கல்’ நிற்கிறது. அதற்கும் விமானத்தில் வேலை உண்டு. பிரேசிலின் எம்ப்ராயர் நிறுவனத்தின் ஈஆர்ஜே 145 முதலில் பறந்தது 1995-ல், 50 இருக்கையோடு. அதிலிருந்து 3.54 மீட்டரைக் குறைத்து 37 இருக்கையுள்ள ஈஆர்ஜே 135-ஐ 1998-ல் பறக்கவிட்டார்கள். ஆக, சிஆர்ஜே 100 நீட்டல் வடிவம், ஈஆர்ஜே 135 குறுக்கல் வடிவம். (செய்யுளில் இந்த மாற்றங்களுக்குப் பொதுப்பெயர் விகாரம். அதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. பேச்சுத்தமிழில் விகாரம் என்றால் அசிங்கம் என்று ஆகிவிட்டது.)

நம் ஊர்க்காரர்கள் பலர் தெரியாமலே நீட்டல் வடிவத்தில் பறந்திருப்பார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2005-ல் தொடங்கிய பாரமவுன்ட் ஏர்வேஸ், எம்ப்ராயர் 170, 175 இரண்டையும் ஓட்டியது. இரண்டுக்கும் நீள வித்தியாசம் 1.78 மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரம், இரண்டு வரிசை இருக்கை. ஓடுதளத்தில் தனியாக நின்றால் எது எதுவென்று சட்டென்று சொல்ல வராது, ஜன்னலைத்தான் எண்ண வேண்டும்.

அடுத்து ‘ரேஞ்ச்’, அதாவது ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் விமானம் போகக்கூடிய தூரம். இதற்கு ‘வீச்சு’ என்ற சொல் பரவலாக இருக்கிறது. வீச்சு, ‘வீசு’ என்பதிலிருந்து வந்தது. கல்லுக்கும் ஏவுகணைக்கும் அது சரி. விமானம் வீசி எறியப்படுவதில்லை, எரிபொருளைச் சுமந்துகொண்டு போய் மறுபடி இறங்குகிறது. ‘பறப்புத் தொலைவு’ என்றால் யாருக்கும் புரியும்.

நீட்டலுக்கும் பறப்புத் தொலைவுக்கும் உள்ள உறவுதான் இந்தத் துறையிலேயே சுவையானது. புறப்படும்போது இவ்வளவு எடைக்கு மேல் கூடாது என்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. உடல் நீண்டால் வெற்று எடை கூடும், ஆட்களும் பெட்டிகளும் கூடும். வரம்பு அதிகம் உயராவிட்டால் அந்தக் கனத்தை எரிபொருளில்தான் கழிக்க வேண்டும். எம்ப்ராயர் 190-க்கும் 195-க்கும் ஒரே இறக்கை, ஒரே எரிபொருள் கொள்ளளவு. 195 மட்டும் 2.41 மீட்டர் நீளம் கூடியது. நெடுந்தொலைவு வடிவங்களை ஒப்பிட்டால் 190 சுமார் 4,500 கிலோமீட்டர் போகும், 195 சுமார் 4,260 கிலோமீட்டர்தான். பத்து இருக்கை கூடியதற்குக் கொடுத்த விலை அது.

தொலைவைக் காப்பாற்ற வேண்டுமானால் உடலோடு நிறுத்திவிட முடியாது. 2008-ல் பறந்த சிஆர்ஜே 1000 சிஆர்ஜே குடும்பத்தில் மிக நீளமானது, 39 மீட்டருக்குச் சற்று மேல், சுமார் 100 இருக்கை போடலாம். அதற்கு எடை வரம்பையும் உயர்த்தி, இறக்கையின் நுனிக்கு நுனி நீளத்தையும் ஒரு மீட்டருக்கு மேல் கூட்டினார்கள். நீளம் கூடக்கூட இன்னொரு கவலையும் வரும். புறப்படும்போது மூக்கை உயர்த்தினால் வால் தரையில் உரசக்கூடும். அதனால் சக்கரக் கால்களின் உயரத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டிவரும் ஈஆர், எல்ஆர், எக்ஸ்ஆர் எழுத்துகளும் பறப்புத் தொலைவைத்தான் சொல்கின்றன. ஈஆர்ஜே 145 எக்ஸ்ஆர், வயிற்றடியில் கூடுதல் எரிபொருள் தொட்டியும் இறக்கை நுனியில் மடிப்பும் வைத்துச் சுமார் 3,700 கிலோமீட்டர் போகிறது. உடல் நீளம் சாதாரண 145-க்கு உள்ளதேதான். ஆகவே இதை நீட்டல் என்று எழுதினால் பிழை. ‘நெடுந்தொலைவு வடிவம்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

குறுக்கலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்கள் தங்கள் விமானிகள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தங்கள், வட்டார விமானத்தில் இத்தனை இருக்கைதான் என்று கட்டுப்படுத்துகின்றன. அதற்காகவே 2019-ல் சிஆர்ஜே 550 வந்தது. அது 70 பேர் போகும் சிஆர்ஜே 700-ன் உடலேதான். ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைக்காமல் 50 இருக்கை மட்டும் போட்டு, மிஞ்சிய இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரி அமைத்திருக்கிறார்கள். இதைக் குறுக்கல் வடிவம் என்று எழுதக் கூடாது. ‘இருக்கை குறைத்த வடிவம்’ என்பதே சரி.