இரண்டு கிரவுண்டையும் சேர்க்காதீர்கள்

பழுதுக்கு வந்த ஒரு பவர் சப்ளை போர்டு. பிளக்கில் செருகும் முன்பே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, மெயின்ஸ் (வீட்டுக் கரண்ட்) பக்கத்துக்கும் 12 வோல்ட் வெளியீட்டுக்கும் நடுவே அளந்தேன். பூஜ்யம். அதாவது, பிரிந்திருக்க வேண்டிய இரண்டும் சேர்ந்திருந்தன. போர்டைத் திருப்பினால், இரண்டு பக்கத்துக்கும் நடுவே நிற்கும் ஆப்டோகப்ளர் என்ற ஐசிக்கு அடியில் ஒரு சின்ன வயர். முன்பு பழுது பார்த்தவர் இரண்டு பக்க கிரவுண்டையும் (சர்க்யூட்டின் பொதுவான நெகடிவ் முனை) சேர்த்துச் சால்டர் வைத்திருந்தார். இரண்டும் கிரவுண்ட்தானே என்று நினைத்திருக்கலாம்.

பெயர்தான் ஒன்று. 230 வோல்ட்டில் ஓடும் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். அதன் நெகடிவ் முனைதான் அந்தப் பக்கத்துக் கிரவுண்ட். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடு வழியாக அது லைனோடு தொடர்பில் இருப்பதால் தொட்டால் ஷாக் அடிக்கும். அந்த வயர் இருந்தவரை 12 வோல்ட் கம்பியிலும் அதே ஆபத்து இருந்தது.

இதைத் தடுக்கத்தான் ஆப்டோகப்ளர். உள்ளே ஒரு இன்ஃப்ராரெட் எல்இடி, எதிரே ஒரு போட்டோ டிரான்சிஸ்டர். வெளியீட்டின் நிலையை மெயின்ஸ் பக்கத்துக்குச் சொல்லும் செய்தி நடுவே வெளிச்சமாக மட்டும் போகும். நாம் அன்றாடம் மாற்றும் பிசி817 ஆப்டோகப்ளர்கூட ஒரு நிமிடத்துக்கு 5,000 வோல்ட் ஏசி தாங்கும். ஆனால் அந்தக் கணக்கு ஐசியோடு முடிந்துவிடும். அதன் அடியில் டிராக் (செம்புப் பாதை) ஓட்டினாலோ, ஈரமும் அழுக்கும் படிந்தாலோ மின்சாரம் வெளியே வழி தேடிக்கொள்ளும். பல போர்டுகளில் ஐசிக்கு அடியில் நீளமாக வெட்டு விட்டிருப்பது இதற்காகத்தான். தயவுசெய்து அந்த வெட்டைப் பசை ஊற்றி நிரப்பாதீர்கள்.

அப்புறம், எல்இடிக்கு வயதாகும். சூட்டிலும் அதிகக் கரண்ட்டிலும் வெளிச்சம் மெல்ல மங்கும். ரொம்ப மங்கினால் வெளியீடு ஏறிவிட்டது என்ற செய்தி மெயின்ஸ் பக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. வோல்டேஜ் ஏறும், பின்னால் மாட்டிய சாதனம் கருகும். புதிதாக சர்க்யூட் போடுபவர்கள் வெளிச்சம் பாதியானாலும் ஓடும்படி கணக்குப் போடுங்கள். மாற்றும்போது எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். பிசி817ஏ தருவது 80 முதல் 160 சதவீதம். சி என்றால் 200 முதல் 400. எல்இடியில் விடும் கரண்ட்டில் எத்தனை பங்கு மறுபக்கம் கிடைக்கும் என்பதே இந்தச் சதவீதம்.

அந்த வயரை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி அளந்தேன். இரண்டு பக்கமும் பிரிந்திருந்தன. உண்மையான கோளாறு, வெளியீட்டில் உப்பிப்போன ஒரு கெப்பாசிட்டர்.