ஜாம்: மேடையில் கூடி விரிக்கும் இசைக்குத் தமிழில் என்ன பெயர்?

ராக், ஜாஸ் இசைக்காரர்கள் ‘ஜாம்’ என்ற சொல்லை மூன்று பொருளில் புழங்குகிறார்கள். கச்சேரி இல்லாத நேரத்தில் நாலு பேர் கூடி, எதையும் முன்கூட்டி முடிவு செய்யாமல் வாசிப்பது ஒன்று. கச்சேரியிலேயே ஒரு பாட்டின் நடுவில், எழுதி வைக்காத பகுதியைக் குழுவாகச் சேர்ந்து விரிப்பது இரண்டாவது. அப்படி விரிந்து வந்த இசைப்பகுதியையே ‘ஜாம்’ என்று குறிப்பது மூன்றாவது. அமெரிக்கத் தென்மாநில ராக் குழுக்களின் மேடை நிகழ்ச்சிகளைப் பற்றிப் படிக்கும்போது பெரும்பாலும் எதிர்ப்படுவது இரண்டாவது பொருள்தான். தமிழில் அதிகம் தவறாக எழுதப்படுவதும் அதுவே. ‘ஜாம்’ என்றால் மனம்போன போக்கில் நீட்டி முழக்குவது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையில் ஜாமில் கட்டுப்பாடு அதிகம்.

முதலில் சொல்லின் வரலாறு. நெருக்கி அழுத்துவது, இடைவெளியில்லாமல் திணிப்பது என்பதே ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல்லின் அடிப்படைப் பொருள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அது வழக்கில் இருக்கிறது. ஒலிக்குறிப்பாகப் பிறந்த சொல்லாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. ரொட்டியில் தடவும் பழ ஜாமும், சாலையில் மாட்டிக்கொள்ளும் டிராஃபிக் ஜாமும் இதே குடும்பம்தான். இசைப்பொருள் 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க ஜாஸ் வட்டாரத்தில் தோன்றியது. இரவு விடுதி வேலை முடிந்தபின் கலைஞர்கள் தங்களுக்காகக் கூடி வாசித்த அமர்வுக்கு ‘ஜாம் செஷன்’ என்று பெயர் வந்தது. 1940களில் நியூயார்க் ஹார்லத்தின் மின்டன்ஸ் பிளேஹவுஸில் நடந்த அமர்வுகள் ஜாஸின் போக்கையே மாற்றின. நெருக்கும் சொல் எப்படி இசைக்கு வந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ‘ஜாஸ் ஆஃப்டர் மிட்நைட்’ என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்து உருவான சொல் என்று சொல்லப்படுவது பின்னாளில் புனைந்த விளக்கம். அதை எடுத்தெழுத வேண்டாம். நம்முடைய ‘ஜாம் ஜாமென்று கல்யாணம்’ என்பதற்கும் நள்ளிரவைக் குறிக்கும் ‘ஜாமம்’ என்பதற்கும் இதனோடு எந்த உறவும் இல்லை. ஜாமம் வடமொழி யாமத்தின் திரிபு.

ஜாஸிலிருந்து இந்தப் பழக்கத்தை ராக் மேடைக்கு முழு அளவில் கொண்டுவந்தவர்களில் முதன்மையானது ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட். 1969 மார்ச்சில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் உருவாகி, விரைவிலேயே ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் குடியேறிய குழு. டுவேன் ஆல்மன், டிக்கி பெட்ஸ் இருவரும் கிட்டார். டுவேனின் தம்பி கிரெக் ஆல்மன் பாட்டும் ஹாமண்ட் ஆர்கனும். பெர்ரி ஓக்லி பேஸ் கிட்டார். புட்ச் டிரக்ஸும் ஜேமோவும் டிரம்ஸ். மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் இசைத்தட்டுகளை ஜேமோ குழுவுக்கு அறிமுகம் செய்தார். ஓரிரு கார்டுகளின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களின்) மேல் நெடுநேரம் விரிக்கும் முறையை அந்தத் தட்டுகளிலிருந்துதான் குழு கற்றது. டிக்கி பெட்ஸ் அமைத்த ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’ அதற்கு நல்ல சான்று. அதன் தனி வாசிப்புகள் டோரியன் என்ற சுரவரிசையில் நகர்கின்றன. அது நம் கரகரப்பிரியா ராகத்தின் அதே ஏழு சுரங்கள். கமகம் வேறு, நடை வேறு என்றாலும் கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அந்தப் பதிவு சட்டென்று பிடிபட இதுவே காரணம்.

ஜாமில் எது நிலையாக நிற்கிறது, எது விரிகிறது என்பதைப் பார்க்க, 1971 மார்ச் 12, 13 இரவுகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான ஆல்மன் குழுவின் இரட்டைத் தட்டில் உள்ள ‘விப்பிங் போஸ்ட்’ பாட்டு போதும். 1969இல் வந்த ஸ்டூடியோ வடிவம் 5 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஃபில்மோர் வடிவம் ஏறக்குறைய 23 நிமிடம். இரட்டைத் தட்டின் நான்காம் பக்கம் முழுவதும் அது ஒன்றுதான். பேஸ் கிட்டார் தனியாகத் தொடங்குகிறது. அந்தத் தொடக்கச் சுற்றுக்கு 11 எண்ணிக்கை: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. கையில் தாளம் போட்டுப் பார்த்தால் கடைசி இரண்டில் ஓர் எண்ணிக்கை குறைவது உடம்புக்கே தெரியும். அடுத்த சுற்று ஒரு அடி முன்னதாக வந்து விழுவதால்தான் அந்த உந்தல் கிடைக்கிறது. பாட்டு தொடங்கியதும் நடை மும்மூன்றாகச் சீராகிவிடும். முதல் சரணத்துக்குப் பின் டுவேன், இரண்டாவதற்குப் பின் பெட்ஸ் விரிக்கிறார்கள். சுமார் 10ஆவது நிமிடத்தில் தாளமே கரைந்து, இசை ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பெட்ஸ் மெல்ல ஓர் இசைச் சொற்றொடரை எடுக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து மறுபடி கட்டி எழுப்புகிறார்கள். கடைசியில் பல்லவிக்குத் திரும்புகிறார்கள்.

இந்தத் திரும்புதல்தான் உயிர்நாடி. எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர ஒரு பொதுவான இடம் எல்லோருடைய காதிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடம் ஒரு ரிஃபாக (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டாக) இருக்கலாம், 12 பார் (தாள அளவு) கொண்ட புளூஸ் சுற்றாக இருக்கலாம், இரண்டே கார்டுகளாகவும் இருக்கலாம். ஆல்மன் குழுவில் இரண்டு கிட்டார்களும் மூன்றாம் சுர இடைவெளியில் இணைந்து ஒலிக்கும் மெட்டுகள் புகழ்பெற்றவை. அவை ஜாம் அல்ல. முன்பே கட்டிப் பாடம் பண்ணியவை. ஜாமிலிருந்து வெளியே வரும் வாசலாக அந்த மெட்டுகள் பயன்பட்டன.

ஜாம் எங்கே கெடுகிறது என்று தெரிந்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகும். புளூஸ் சுற்றில் விரிப்பவர் 12 பார் முடியும் இடத்தில்தான் அடுத்தவருக்கு விட வேண்டும். ஏழாவது பாரில் ஓய்ந்துவிட்டால் அடுத்தவர் நுழைய முடியாமல் ஐந்து பார் வெறுமையாகப் போகும், அல்லது இருவர் ஒன்றாக நுழைந்து முட்டிக்கொள்வார்கள். அதனால் முடிவதற்கு ஒரு சுற்று முன்பே கண்ணாலோ, கிட்டாரின் கழுத்தை உயர்த்தியோ, ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசித்தோ சைகை தருவார்கள். அடுத்த தொல்லை, எல்லோரும் ஒரே உயரத்தில் வாசிப்பது. ஒரு கிட்டார் மேல்ஸ்தாயியில் இருந்தால் மற்றது கீழே இறங்கி வெறும் தாள வெட்டுகளோடு நிற்க வேண்டும். ஆர்கன்காரரின் இடது கை கனமாக இறங்கினால் பேஸ் கிட்டார் வாசிப்பது கேட்காது. கேட்காவிட்டால் கார்டு எங்கே மாறியது என்று யாருக்கும் தெரியாது. ஒலி அளவிலும் இதே பாடம்தான். மூன்றாவது நிமிடத்திலேயே உச்சத்துக்குப் போய்விட்ட குழுவுக்கு மீதி பதினைந்து நிமிடத்துக்கு ஏறுவதற்கு இடம் இல்லை. தேர்ந்த குழுக்கள் நடுவில் வேண்டுமென்றே கிசுகிசுப்புக்கு இறங்குவது இதனால்தான்.

இரண்டு டிரம்ஸ் வைத்துக்கொண்டும் ஆல்மன் குழு கலங்காமல் நின்றதற்குக் காரணம் வேலைப் பிரிவு. டிரக்ஸ் நடையை விடாமல் இழுத்துச் செல்வார். ஜேமோ ஜாஸ் பாணியில் இடைவெளிகளில் அழுத்தம் வைப்பார். இருவரும் ஒரே வேலையைச் செய்திருந்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சியிருக்கும்.

ஃபில்மோர் பதிவின் தயாரிப்பாளர் டாம் டவுட். முதல் இரவில் குழு எதிர்பாராமல் ஊதுகருவிக்காரர்களை மேடையேற்றியது. சுருதி சேரவில்லை என்று கண்டித்து அவர்களை நிறுத்தவைத்தார் டவுட். எழுதாத இசையில் சாக்ஸபோன்களுக்கு என்ன வேலை என்று யாரும் வகுத்திருக்கவில்லை. ஊதுகருவியின் ஒலி மற்றவர்களின் மைக்கிலும் நுழையும் என்பதால் பிறகு வெட்டி எடுப்பதும் கடினம். இதை இசைத்தட்டு வரலாற்றின் நல்ல முடிவுகளில் ஒன்றாகவே கருத வேண்டும்.

நீளம் தட்டிலும் தகராறு செய்தது. வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று நிமிடத்துக்கு மேல் அடைத்தால் ஒலி மங்கும். ‘விப்பிங் போஸ்ட்’ பதிவான அதே இரவில் வாசித்த ‘மவுண்டன் ஜாம்’ அரை மணி நேரத்தையும் தாண்டியது. 1972இல் ‘ஈட் எ பீச்’ இரட்டைத் தட்டில் அதை இரண்டாகப் பிளந்து, இரண்டாம் பக்கத்திலும் நான்காம் பக்கத்திலும் வைத்தார்கள். அடுக்கி வைத்த தட்டுகளைத் தானே மாற்றும் அக்காலக் கருவியில் முதல் தட்டின் ஒரு பக்கமும் இரண்டாம் தட்டின் ஒரு பக்கமும் அடுத்தடுத்து ஒலிக்கும் என்பதால், இரு துண்டுகளையும் தொடர்ந்து கேட்க முடிந்தது. ஃபில்மோர் தட்டின் கடைசியில், ‘விப்பிங் போஸ்ட்’ முடிந்து கைதட்டல் மங்கும்போது ‘மவுண்டன் ஜாம்’ தொடங்குவது காதில் விழும். அந்தத் தொடர்ச்சியைக் கேட்க ரசிகர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருந்தார்கள். அதற்குள் 1971 அக்டோபர் 29இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்துவிட்டார். அவருக்கு வயது 24.

சொல்லின் பொருள் விரிந்ததற்கு 1973 ஜூலை 28 நல்ல எடுத்துக்காட்டு. நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் பந்தயத் திடலில் ஆல்மன் குழு, கிரேட்ஃபுல் டெட், தி பேண்ட் மூன்றும் வாசித்த ஒருநாள் விழாவுக்கு ‘சம்மர் ஜாம்’ என்று பெயர். விற்றது சுமார் 1,50,000 சீட்டு. வந்தவர்கள் ஏறக்குறைய 6,00,000 பேர். இங்கே ‘ஜாம்’ என்பது திருவிழாவின் பெயராகவே ஆகிவிட்டது. 1990களில் ‘ஜாம் பேண்ட்’ என்று ஒரு வகைப் பெயரும் பரவி, ஜார்ஜியாவின் ஒய்டுஸ்பிரெட் பேனிக் போன்ற குழுக்களைக் குறித்தது.

தென்மாநில ராக் குழு என்றாலே ஜாம் செய்யும் குழு என்று எழுதுவது தவறு. லின்யர்ட் ஸ்கின்யர்டின் மேடை நிகழ்ச்சியில் மூன்று கிட்டார்கள் நெடுநேரம் முழங்கும். ‘ஃப்ரீ பேர்ட்’ ஸ்டூடியோவில் 9 நிமிடம், 1976இல் அட்லாண்டா ஃபாக்ஸ் அரங்கில் 11 நிமிடத்துக்கும் மேல். ஆனால் அந்தக் கிட்டார் பகுதிகள் முன்கூட்டியே அமைத்துப் பாடம் பண்ணப்பட்டவை. அதை நீண்ட முடிப்பு என்று சொல்லலாம். ஜாம் என்று சொல்லக் கூடாது.

இனித் தமிழ்ச்சொல். ‘ஒத்திகை’ பொருந்தாது, ஒத்திகை ஏற்கெனவே முடிவான ஒன்றைப் பழகுவது. ‘திடீர் இசை’, ‘தன்னிச்சை இசை’ இரண்டும் கட்டுப்பாடே இல்லை என்ற பொருளைத் தந்துவிடுகின்றன. ‘மனோதர்மம்’ நெருங்கி வருகிறது, ஆனால் அது தனிக்கலைஞரின் கற்பனையையே முன்வைக்கிறது; குழு என்ற கருத்து அதில் இல்லை. பழைய தமிழ்ச்சொல்லான ‘ஆளத்தி’ ஆலாபனையைக் குறிப்பது. தாளக்கட்டு இல்லாத ஒன்றின் பெயரை இரண்டு டிரம்ஸ் ஓடும் இசைக்கு வைக்க முடியாது.

பொருத்தமானது ‘கூட்டு நிரவல்’. நிரவுதல் என்றால் பரப்பிச் சமமாக நிறைத்தல். பள்ளத்தை மண்ணால் நிரவுகிறோம். கர்நாடக இசையில் பாட்டின் ஒரு வரியை எடுத்து, தாளத்தில் சொற்கள் விழும் இடம் மாறாமல், ஒவ்வொரு சுற்றிலும் புதிய சுரங்களால் நிறைப்பது நிரவல். பாடகர் ஒரு சுற்று, வயலின் ஒரு சுற்று என்று மாறி மாறிப் போகும். கட்டு மாறாது, நிறைப்பு மாறும், திரும்பும் இடம் உண்டு, முறை மாற்றிக்கொள்ளும் பழக்கம் உண்டு. ஜாமுக்கு வேண்டிய நான்கும் இதில் இருக்கின்றன. பாடல் வரி இல்லாமல் நிரவல் ஏது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான மறுப்பு. அதனால்தான் வெறும் ‘நிரவல்’ என்று எழுதாமல் ‘கூட்டு’ என்ற அடையைத் தவறாமல் சேர்க்க வேண்டும். வரியின் இடத்தில் இங்கே ரிஃப் இருக்கிறது.

எழுதும்போது சில நடைமுறைகள். ‘பெட்ஸும் டுவேனும் பத்து நிமிடம் ஜாம் பண்ணினார்கள்’ என்பதற்குப் பதில் ‘பத்து நிமிடம் கூடி நிரவினார்கள்’ என்று எழுதலாம். ‘ஜாம் செஷன்’ கூட்டு நிரவல் அமர்வு. ‘ஜாம் பேண்ட்’ நிரவல் குழு. ‘சதர்ன் ராக்’ என்பதைத் ‘தென்னக ராக்’ என்று எழுதினால் நம் வாசகர் சென்னையையும் பெங்களூரையும் நினைப்பார். ‘அமெரிக்கத் தென்மாநில ராக்’ என்று முதல்முறையாவது முழுதாக எழுத வேண்டும். ‘மவுண்டன் ஜாம்’, ‘சம்மர் ஜாம்’ போன்றவை இயற்பெயர்கள், அவற்றைப் பெயர்க்க வேண்டியதில்லை. ஒலிபெயர்த்து எழுதும் இடங்களில் ‘ஜாம்’ என்றே எழுதலாம். கிரந்தத்தை விலக்குவதாக எண்ணிச் ‘சாம்’ என்று எழுதினால் அது பலருக்கு ஓர் ஆளின் பெயராகத்தான் படும்.