அந்த மைனரில் இன்னொரு துளை வேண்டாம்

போன வாரம் திருகோணமலைக்கு அருகிலுள்ள உப்புவெளியிலிருந்து ஒரு மொரிஸ் மைனர் என் கராஜுக்கு வந்தது. 1957ஆம் ஆண்டுக் கார். 948 சீசீ எஞ்சின், திரும்பும் பக்கத்தைக் காட்டுவதற்காகக் கதவுத் தூணுக்குள் மடங்கிக் கிடக்கும் கைகாட்டிகள், ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பழைய இலக்கத் தகடு என்று எல்லாமே பிறந்தபடி இருந்த கார் அது. அதை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த ஆசிரியர், கடற்கரைப் பக்கம் ஓட்டிவந்த நாளில் எவ்வளவு இரவானாலும் நல்ல தண்ணீரால் நான்கு சில்லுகளின் உட்புறத்தையும் கழுவிவிட்டுத்தான் படுக்கப் போவார். அவர் காலமான பிறகு, தங்கையின் திருமணத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்த மகன், பழைய படங்களில் பார்ப்பதுபோல முன்னால் இரண்டு ஸ்பொட் லைற்றுகளும் சின்னங்களைப் பூட்டும் பட்ஜ் கம்பியும் மட்காட்டுகளின் மேல் வட்டக் கண்ணாடிகளும் ஒரு ஏரியலும் பூட்ட ஆசைப்பட்டார். அந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் அலங்கரித்தார்கள், மைனரின் உருண்ட முகத்துக்கு அது அழகாகவும் இருக்கும். ஆனால் வேலையை எடுத்தவர்கள் டிரில் மெசினைத்தான் முதலில் கையில் எடுத்திருக்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன்: 16 துளைகள். இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது கார் இது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வலப்பக்கக் கண்ணாடியின் அடித்தட்டைக் கழற்றினேன். அதன் கீழே வைத்திருந்த றப்பர் அட்டை ஈரமாகவே இருந்தது. அதைத் தூக்கியபோது பழுப்புநிறக் குழம்பு விரலில் ஒட்டியது. சில்லைக் கழற்றி மட்காட்டின் உட்புறத்துக்கு டோர்ச் அடித்துப் பார்த்தால், துளையிடும்போது உதிர்ந்த இரும்புச் சீவலை யாரும் துடைத்தெடுக்கவில்லை. அது சேற்றோடு சேர்ந்து, துருப்பிடித்து, ஒரு அப்பம்போல விளிம்பில் கட்டியாக உட்கார்ந்திருந்தது. கால் அங்குலத்துக்குப் போட்ட துளைக்குள் என் சின்ன விரலின் நுனி போய்வந்தது. இவ்வளவும் ஒரேயொரு மாரிக்குள் நடந்தது.

“அண்ணை, சின்ன ஓட்டைதானே, வேண்டாமெண்டால் பிறகு பட்டி போட்டு அடைச்சு விடலாம் எண்டு சொன்னவங்கள்” என்றார் அந்தத் தம்பி. இந்த ஒரு வசனத்தை நான் கேட்காத மாதம் இல்லை. இதைவிடக் காருக்குக் கேடான நம்பிக்கை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்; பொறுமையோடு வாசியுங்கள்.

பட்டி என்பது தகட்டின் பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தப் பூசும் பசை. அது துளையை அடைப்பதில்லை, மறைக்கிறது. துளையின் விளிம்பில் பெயின்றும் இல்லை, பிறைமரும் இல்லை, வெறும் இரும்பு. அதன் மேல் பட்டியைத் தேய்த்து, உரசி, நிறம் அடித்தால் வெளிப்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும். உட்பக்கம் மழையையும் சில்லு அடிக்கும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு திறந்தபடி கிடக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். அது ஈரத்தைக் குடித்து இரும்பின்மேல் வைத்துக்கொண்டிருக்கும். ஆறேழு மாதத்தில் நிறத்தின் கீழே ஒரு கொப்புளம் எழும்பும். அப்போது கொப்புளத்தைச் சுரண்டிப் பார்ப்பவர் துளையைக் காணமாட்டார், துளை இருந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குச் சல்லடையாகிப்போன தகட்டைத்தான் காண்பார். “சரி, வெல்டிங் பண்ணி அடைக்கலாமே” என்பார்கள். அடைக்கலாம், அதுதான் முறையான வழியும்கூட. ஆனால் அந்தத் தகடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்புள்ளது. சூடு பட்டதும் அது நெளியும். நெளிவை எடுக்க நுணுக்கம் தெரிந்த டிங்கர் கை வேண்டும். சூடுபட்ட இடத்தின் பின்புறப் பூச்சு முழுவதும் எரிந்துபோகும். இரட்டைத் தகடு உள்ள இடமென்றால் அந்தப் பின்புறத்துக்குத் திரும்பப் பூச்சுப் பூசக் கையே போகாது. பிறகு அந்த ஒரு புள்ளிக்காக மட்காட் முழுவதுக்கும் நிறம் அடிக்க வேண்டும். அறுபது எழுபது ஆண்டு பழைய நிறத்தோடு புதிய நிறம் ஒருநாளும் பொருந்தாததால் பொனற்றுக்கும் கதவுக்கும் அடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் போட்ட துளையொன்று இப்படித்தான் ஒரு மாத வேலையாக மாறுகிறது.

இதோடு இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. உடலே சட்டகம், தரையும் பக்கத் தகடுகளும் பெட்டிப் பகுதிகளும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. முன் மட்காட்டைக் கழற்றி மாற்றலாம். ஆனால் அடியில் ஓடும் நீள்பெட்டிக்குள் போட்ட துளையைப் பிறந்தபடி ஆக்கவே முடியாது. அந்த உப்புவெளிக் காரில் பட்ஜ் கம்பியின் இரண்டு போல்ற்றுகள் அங்கேதான் இறங்கியிருந்தன.

மலைநாட்டிலோ அநுராதபுரத்திலோ இந்தத் தவறு மெதுவாகத் தண்டிக்கும். திருகோணமலையில் அப்படியில்லை. மூன்று பக்கமும் கடல். மாரியில் வாடைக்காற்று மழையோடு உப்பைக் கொண்டுவந்து அறைகிறது, ஆடியில் கச்சான் காற்று மழையே இல்லாமல் மணலைக் கொண்டுவந்து உரசுகிறது. உப்புவெளி என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஒரு வெறும் இரும்பு விளிம்பை உண்டாக்குகிறவர், அதற்கு என்ன நடக்கும் என்று அறியாமல் செய்தார் என்று நான் எப்படி நம்புவது?

துளை போடாமல் பூட்ட முடியுமா என்றால், முடியும். அந்தக் காலத்து உதிரி அலங்காரங்களில் பெரும்பகுதி வீட்டு முற்றத்தில் ஒரு ஸ்பானரோடு பூட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. பட்ஜ் கம்பிக்கு பம்பரைத் தாங்கும் இரும்பின் போல்ற்றுகள் போதும். அதே போல்ற்றைக் கழற்றி, சற்று நீளமான ஒன்றைப் போட்டு, இடையில் கம்பியின் தாங்கியைக் கோத்தால் வேலை முடிந்தது. ஸ்பொட் லைற்றுகள் அந்தக் கம்பியில் அமரும். கூரைமேல் சாமான் ஏற்றும் ஹூட் ராக்கின் கால்கள் கூரையோரத்து மழைத் தவாளியைப் பிடித்துக்கொள்ளும். மட்காட் கண்ணாடிகளுக்குப் பதிலாகக் கதவு விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வட்டக் கண்ணாடிகள் உள்ளன. பார்வைக்கும் அவை நல்லவை, ஏனெனில் எட்டிப் பார்க்காமலே பின்னால் வரும் பஸ் தெரியும். வொக்ஸ்வாகன் வைத்திருப்பவர்கள் விரும்பும் பூக்குடுவை முகப்பில் கொளுவி நிற்கும். மேலதிக மீற்றர்களை முகப்பின் கீழ் ஏற்கெனவே உள்ள திருகாணிகளில் தொங்கும் ஒரு சிறு தட்டில் வைக்கலாம்.

நீளமான போல்ற் என்றேன். அதில் ஒரு எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய மொரிஸ், ஒஸ்ரின் கார்களில் பெரும்பாலும் இருப்பது அங்குல அளவிலான நுண்புரி போல்ற்றுகள். இன்று ஹாட்வெயார் கடையில் கேட்டால் எட்டு மில்லிமீற்றர் போல்ற்றை எடுத்துத் தருவார்கள். பழைய போல்ற்றின் பதினாறில் ஐந்து அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர் என்பதால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பழையதற்கு அங்குலத்துக்கு 24 புரி, புதியதற்குப் புரியின் இடைவெளி ஒன்றேகால் மில்லிமீற்றர். ஸ்பானரால் இறுக்கி ஏற்றினால் ஏறும், ஏறும்போதே பழைய புரியைத் தின்றுவிடும். கையால் மூன்று சுற்று இலகுவாகப் போகாத போல்ற்றை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கவ்விகள் பிடிக்கும் இடத்தில் நிறம் உரசாமலிருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டி வையுங்கள். தோல் வேண்டாம், துணியும் வேண்டாம். இரண்டும் உப்பைக் குடித்து வைத்துக்கொள்ளும். வைப்பதற்கு முன் அந்த இடத்தில் மெழுகு பூசுங்கள், மாரி தொடங்க முன்னரும் முடிந்த பின்னரும் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டுங்கள். கழற்றக்கூடியதாகப் பூட்டுவதன் பயனே அதுதான். காந்த அடித்தட்டு உள்ள ஏரியலையும் பட்ஜையும் சிலர் கொண்டுவருகிறார்கள். நிலாவெளிக்கு அப்பால் புல்மோட்டைப் பக்கம் போய்வரும் காருக்கு அவற்றை நான் பூட்டித் தரமாட்டேன். அந்தக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைற் என்ற இரும்புக் கனிமம் இருக்கிறது; வலுவான காந்தம் அதை இழுத்துத் தன் அடியில் சேர்த்துக்கொள்ளும், பிறகு கார் அதிரும் ஒவ்வொரு தரமும் உப்புத்தாள்போல நிறத்தைத் தேய்க்கும்.

இனி வயரிங். துளை காரை மெதுவாகத் தின்னும். பிழையான வயரிங் ஒரே இரவில் எரித்துவிடும்.

மைனரில் இருப்பது இரண்டே இரண்டு பியூஸ்கள். ஹெட் லைற்றுகளுக்குப் பியூஸே இல்லை. பற்றரியிலிருந்து வரும் பழுப்பு வயரும் சாவியிலிருந்து வரும் வெள்ளை வயரும் பியூஸுக்கு முந்தியவை. அவற்றைச் சுரண்டி ஸ்பொட் லைற்றுக்கு இணைப்பு எடுத்தால், அந்த லைற்றின் வயர் எங்காவது உரசிக் காரின் உடலில் பட்ட கணத்தில் தடுக்க ஒன்றுமில்லை. துணி சுற்றிய பழைய வயர் புகையும்போது வரும் மணத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். அந்த உப்புவெளிக் காரில் ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய வயரைத்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டு 55 வாற்ஸ் பல்புகளுக்கு ஒன்பது அம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு இரண்டு சதுர மில்லிமீற்றர் வயர், தனியாக ஒரு 15 அம்பியர் பியூஸ், சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஒரு ரிலே வேண்டும். புதிய வயரைத் தனிக் கட்டாகச் சுற்றிப் பழைய கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள றப்பர் வளையத்தின் வழியே கொண்டுபோங்கள். பழைய வயரை வெட்டாதீர்கள், குத்தாதீர்கள்.

எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் டைனமோவையும் சற்று நினைத்துப் பாருங்கள். அது நன்றாக ஓடும்போதே தருவது 19 முதல் 22 அம்பியர் வரைதான், எஞ்சின் சும்மா நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஹெட் லைற்றுக்கு எட்டு, இக்னிஷனுக்கு மூன்று நான்கு, மற்றச் சிறு லைற்றுகளுக்கு இரண்டு என்று கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். 35 வாற்ஸ் பல்புகளைப் போடுங்கள்; ஊருக்குள் அணைத்து வையுங்கள். ஸ்பொட் லைற் கந்தளாய் வீதியின் இருட்டுக்கானது.

அடுத்தது பொசிற்றிவ் ஏர்த். மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். சிலர் இடையில் மாற்றியிருப்பார்கள், அதனால் எதையும் பூட்டுமுன் எந்த முனை உடலுக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். இழைப் பல்புக்கு இது பொருட்டல்ல. எல்ஈடி லைற், புதிய ரேடியோ, கைத்தொலைபேசி சார்ஜர் ஆகியவற்றுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சார்ஜர் கட்டாயம் வேண்டுமென்றால், உடலோடு எங்கும் தொடாத ஒரு மரப்பெட்டிக்குள் அதன் சொக்கற்றை வைத்து, இரண்டு வயர்களையும் தனித்தனியே கொண்டுவந்து, உடலோடு சேராத வயரில் பியூஸைப் போடுங்கள். அந்தப் பெட்டியை ஆசனத்தின் அடியில் வைத்தால் யாருக்கும் தெரியாது.

கைகாட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961 வரை வந்த மைனர்களில் அவைதான் இருந்தன. இன்றைய வீதியில் அவை போதாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பின்னால் வரும் முச்சக்கர வண்டிக்காரருக்கு அது என்னவென்றே தெரியாது. ஆனால் அதற்காகக் கைகாட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தக் குழியைப் பட்டியால் நிரப்புகிறார்களே, அதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. பம்பர் போல்ற்றில் ஒரு சிறு தாங்கியைக் கோத்து, அதில் மின்னும் லைற்றைப் பூட்டுங்கள். கைகாட்டி தன் இடத்திலேயே இருக்கட்டும்.

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு வாசருக்கும் நட்டுக்கும் அலைந்து இந்தக் கார்களை எங்கள் முந்தைய தலைமுறை மெக்கானிக்குகள் உயிரோடு வைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து நான் கற்ற ஒரு பழக்கம், கழற்றிய ஒவ்வொன்றையும் போத்தலில் போட்டு, எங்கே இருந்தது என்று துண்டில் எழுதி மூடுவது. நீங்களும் அதைச் செய்யுங்கள்.

உப்புவெளிக் காரில் மட்காட்டுகளின் ஏழு துளைகளையும் பின்புறம் திறந்திருப்பதால் வெல்டிங் பண்ணி அடைக்க முடியும். நீள்பெட்டிக்குள் போனவற்றை இப்போது மெழுகு அடித்து அடைத்து வைத்திருக்கிறேன். மாரி முடிந்த பிறகு வெட்டித் திறந்துதான் பார்க்க வேண்டும். அந்தத் தம்பியின் ஸ்பொட் லைற்றுகள் பம்பர் போல்ற்றில் கோத்த கம்பியில் இப்போது நிற்கின்றன. வேலை முடிய நாற்பது நிமிடம் சென்றது. உங்களிடமும் அப்படியொரு கார் இருந்தால், எதையும் வாங்குமுன் ஒரு டோர்ச்சோடு முன் பம்பரின் கீழே படுத்து, தொழிற்சாலையே போட்டுவைத்த துளைகள் எத்தனை என்று தயவுசெய்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து எண்ணுவோம்.