பசி குறையும், உடலின் தேவை குறையாது: எடைக் குறைப்பு ஊசி தொடங்குபவர்களுக்கு

எடைக் குறைப்பு ஊசி பற்றிப் பேச வருபவர்களில் அநேகமாக எல்லோருமே முதலில் கேட்பது, "எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறையும், டாக்டர்?" என்பதைத்தான். கேட்பதில் தவறே இல்லை. பல ஆண்டுகள் பட்டினி கிடந்து, நடந்து, ஓடி, இறங்கிய எடை மறுபடி ஏறிவிட, போதாக்குறைக்கு "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்ற ஏச்சையும் வாங்கிக்கொண்டு வருபவர்கள் அவர்கள். உடல் பருமன் மன உறுதி இல்லாததால் வருவதல்ல. பசியை ஆளும் ஹார்மோன்கள், மரபு, தூக்கம், வேறு நோய்களுக்காகச் சாப்பிடும் மருந்துகள் என்று பலவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஊசி போட்டுக்கொள்வது குறுக்குவழி என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்தக் கேள்விக்குள் ஓர் அவசரமும் ஒளிந்திருக்கிறது. ஊசி தொடங்கிச் சில மாதங்களில் சிரமத்தோடு திரும்பி வருபவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். மருந்தின் அளவை அவசரமாகக் கூட்டியிருப்பார்கள். அல்லது பசி அடங்கிய நிம்மதியில் ஒழுங்காகச் சாப்பிடுவதையே விட்டிருப்பார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் சாப்பிட்டதும் குடல் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இன்சுலின் சுரக்கக் கணையத்தைத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டு போகும். இயற்கையாகச் சுரப்பது ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதே வேலையைச் செய்யும் செமாகுளூடைடு என்ற ஊசி மருந்து, உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஓர் ஊசி போதும். டிர்செபடைடு இதோடு ஜி.ஐ.பி. என்ற மற்றொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதுவும் வாரம் ஒருமுறைதான். லிராகுளூடைடு மட்டும் தினமும் போட வேண்டியது. மூன்றும் முதலில் சர்க்கரை நோய்க்காக வந்து, பிறகு எடைக் குறைப்புக்கும் அனுமதி பெற்றவை.

கிலோ கணக்குக்கு வருவோம். 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், செமாகுளூடைடு வாரம் 2.4 மி.கி. எடுத்தவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இரு பிரிவினருக்குமே உணவு, உடற்பயிற்சி ஆலோசனை தரப்பட்டது. டிர்செபடைடின் உச்ச அளவில், 72 வாரங்களில் ஏறத்தாழ 21 சதவீதம். வாரக் கணக்கைக் கவனியுங்கள்: ஒன்றே கால் ஆண்டுக்கும் மேல். சராசரி என்பதையும் கவனியுங்கள்; இதைவிட அதிகம் குறைந்தவர்களும் உண்டு, சொற்பமாகவே குறைந்தவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு இறங்கிய எடை உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

இந்த ஊசி யாருக்கு? உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண்ணான பி.எம்.ஐ. 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு. 27 அல்லது அதற்கு மேல் இருந்து, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்றவையும் இருப்பவர்களுக்கு. ஆசிய மரபினருக்குக் குறைந்த எடையிலேயே பருமனின் கெடுதல்கள் தொடங்கிவிடுவதால், பல வழிகாட்டுதல்கள் இந்த எல்லையைச் சற்றுக் குறைத்தே வைக்கின்றன. ஒரு விசேஷத்துக்கு முன்னால் நான்கு கிலோ இறக்க வேண்டும் என்று வருபவர்களுக்கு நான் எழுதித் தருவதில்லை.

தொடங்கும் முன் மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை சில. உங்களுக்கோ ரத்த சம்பந்தமுள்ள உறவினருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா? கணைய அழற்சி, பித்தப்பைக் கல், வயிறு மெதுவாகக் காலியாகும் பிரச்சினை இருந்ததா? எப்போதாவது உண்ணுதல் கோளாறுக்குச் சிகிச்சை எடுத்ததுண்டா? சர்க்கரை நோயாளிகள், இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பதைச் சொல்ல வேண்டும். அவற்றின் அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். அவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனையும் அவசியம், ஏனென்றால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம். பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று ரத்த அழுத்த மாத்திரை. எடை இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும். மாத்திரை பழைய அளவிலேயே இருந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும்.

பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கருத்தரிக்கத் திட்டமிட்டால் செமாகுளூடைடை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைடை ஒரு மாதத்துக்கு முன்பாவது. டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கக்கூடும். அதைத் தொடங்கிய பின் நான்கு வாரங்களும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பின் நான்கு வாரங்களும் ஆணுறை போன்ற வேறொரு தடுப்பும் தேவை. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பதால் இதை அலட்சியமாக விட முடியாது.

அளவைக் கூட்டுவதில் அவசரம்

செமாகுளூடைடு 0.25 மி.கி. என்ற அளவில் தொடங்கும். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று கூட்டி, ஐந்தாவது மாதத்தில்தான் 2.4 மி.கி. வரும். டிர்செபடைடு 2.5 மி.கி.யில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம் நின்று ஏறும். முதல் மாத அளவு எடையைக் குறைப்பதற்காகத் தரப்படுவதே அல்ல. குடல் பழகுவதற்காகத் தரப்படுவது. "மூன்று வாரமாகிவிட்டது, தராசு அசையவில்லை, அடுத்த அளவுக்குப் போய்விடலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இருங்கள். நடுவில் ஓர் அளவிலேயே எடை சீராக இறங்கி, தொந்தரவும் இல்லையென்றால், உச்சிப்படி வரை ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை.

குமட்டல் வரத்தான் செய்யும். நான் மேலே சொன்ன செமாகுளூடைடு ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வந்தது. பெரும்பாலும் அளவைக் கூட்டிய முதல் சில நாட்களில் வந்து, மெல்ல அடங்கிவிடும். மெதுவாகச் சாப்பிடுங்கள், வழக்கமான தட்டில் பாதி போதும். பழைய பழக்கத்தில் கடைசிக் கவளம் வரை முடித்துவிட நினைப்பவர்கள்தான் வாந்தி எடுக்கிறார்கள், ஏனென்றால் முந்தைய வேளை உணவே இன்னும் வயிற்றில் இருக்கும். எண்ணெயில் பொரித்தவையும் கொழுப்பு மிகுந்தவையும் இன்னும் நேரம் தங்கும். சாப்பிட்டவுடன் படுக்க வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் நார்ச்சத்தும் முதல் மருந்து. தாகமும் குறைந்துவிடுவதாகச் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் தாகத்துக்காகக் காத்திராமல் நேரம் வைத்துக் குடிப்பது நல்லது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடர்ந்து, தண்ணீரும் தங்காமல் போனால் சிறுநீரகம் பாதிக்கப்படும். அந்த நிலையில் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதுகு வரை பரவும் கடுமையான, விடாத வயிற்றுவலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது மேல்வயிற்றில் வலியோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தால் பித்தப்பையைப் பார்க்க வேண்டும். எடை வேகமாக இறங்கும்போது கல் உருவாவது புதிதல்ல. ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்கினால், மிக அரிதுதான் என்றாலும், பார்வை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இவை மூன்றும் காலை வரை பொறுத்துப் பார்க்கிற சமாசாரம் அல்ல. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பசி அடங்கிய பிறகு

எனக்கு அதிகக் கவலை தருவது இந்தப் பகுதிதான். நடுவயதுப் பெண் ஒருவர் ஊசி தொடங்கிச் சில மாதங்கள் கழித்து வந்தார். வாராவாரம் எடை குறித்த நோட்டை மேசையில் விரித்து வைத்தார். எண்கள் வரிசையாக இறங்கியிருந்தன. அவர் முகத்தில் நல்ல மகிழ்ச்சி. பேசி முடித்து எழுந்தபோது, நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் அழுத்திப் பிடித்து, ஒரு முறை முன்னால் சாய்ந்து, இரண்டாவது முயற்சியில்தான் எழ முடிந்தது. உட்காரச் சொல்லி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னேன். முடியவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், காலையில் காபி, மதியம் பழம், இரவு இரண்டு பிஸ்கட். "பசிக்கவே இல்லையே, எதற்குச் சாப்பிட வேண்டும்?" என்றார்.

ஊசி பசியைத்தான் எடுக்கிறது. தசைக்கும் எலும்புக்கும் வேண்டியதை உடல் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்தக் குரல் நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். புரதம் உள்ளே வராவிட்டால் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். செமாகுளூடைடு ஆய்வில் ஒரு பகுதியினருக்கு உடலமைப்பை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. அது முழுவதும் தசை இல்லை, நீரும் அதில் அடக்கம். எப்படி எடை குறைத்தாலும் ஓரளவு தசை போகும் என்பதும் உண்மை. ஆனாலும், வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இழந்த தசையைத் திரும்பக் கட்டுவது எளிதல்ல.

ஆகவே தட்டில் முதல் கவளம் புரதமாக இருக்கட்டும். முட்டை, மீன், கோழி இறைச்சி, பருப்பு வகைகள், தயிர் என்று உங்களுக்கு ஒத்துக்கொள்வது எதுவானாலும் சரி. நீங்கள் அடைய விரும்பும் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று நான் சொல்வது வழக்கம். 70 கிலோவை இலக்காக வைத்தவருக்கு 70 முதல் 84 கிராம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டே கூட்ட வேண்டும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் தசையைக் காப்பாற்ற அது போதாது. வாரம் இரண்டு நாளாவது தசைக்குச் சுமை தரும் பயிற்சி வேண்டும். உடற்பயிற்சிக்கூடம் போக முடியாதவர்கள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும், சுவரில் கைவைத்துத் தள்ளுவதையும் செய்து பழகலாம். அந்தப் பெண்மணி அப்படித்தான் ஆரம்பித்தார். அடுத்த சந்திப்புக்கு வந்தபோது எடை சற்று மெதுவாகத்தான் இறங்கியிருந்தது, ஆனால் கைப்பிடியைத் தொடாமல் எழுந்து நின்றார்.

முடி உதிர்வதும் பலரைப் பயமுறுத்துகிறது. வேகமான எடைக் குறைவுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இது வரும். எடை நிலைப்பட்டதும் பொதுவாக மீண்டும் வளரும். இரும்புச்சத்தையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனாவைக் கையாளுதல்

பெரும்பாலும் பேனா வடிவில் வரும் இந்த ஊசியை வயிறு, தொடை, மேற்கை ஆகிய இடங்களில் தோலுக்கடியில் போட வேண்டும், வாரா வாரம் இடத்தை மாற்றி. அழுத்தியவுடன் ஊசியை உருவிவிடாதீர்கள். அளவு காட்டும் எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் ஆறு வரை எண்ணிவிட்டு எடுக்க வேண்டிய பேனாக்கள் உண்டு. ஒவ்வொரு பேனாவும் ஒவ்வொரு விதம் என்பதால் உறையிலுள்ள தாளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பயன்படுத்தாத பேனாவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உறைந்துபோனது வீண்தான், உருகினாலும் உதவாது. ஒருவர் பேனாவை இன்னொருவர் தொடவே கூடாது, ஊசிமுனையை மாற்றினாலும்.

ஒரு வாரம் மறந்துவிட்டால்? 2.4 மி.கி. வரை போகும் செமாகுளூடைடு திட்டத்தில், அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் உடனே போடலாம். இல்லையென்றால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். டிர்செபடைடில், தவறிய நாளிலிருந்து நான்கு நாட்களுக்குள் போடலாம். இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் போடக் கூடாது. தொடர்ந்து பல வாரங்கள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பிக்காமல், கேளுங்கள். குறைந்த அளவிலிருந்து ஏற வேண்டியிருக்கும்.

எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 2023-இல் பிடிபட்ட போலி ஓசெம்பிக் (செமாகுளூடைடின் ஒரு வணிகப் பெயர்) பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. குப்பியில் வந்த மருந்தைச் சிரிஞ்சில் தாங்களே அளந்து, 5 முதல் 20 மடங்கு வரை அதிகமாகப் போட்டுக்கொண்டவர்களைப் பற்றி அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. மருத்துவர் சீட்டே கேட்காமல் சமூக ஊடகத்தில் ஒருவர் விற்கிறார் என்றால், அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ இருந்தால், இந்த ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பல் மருத்துவமனையில் மயக்கம் கொடுப்பதானாலும் சரி. இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்தும் வயிற்றில் உணவு மிச்சமிருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

நிறுத்துவதைப் பற்றித் தொடங்கும் நாளிலேயே பேசிவிட வேண்டும். செமாகுளூடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பசியின் பழைய வேகம் திரும்புவதுதான் காரணம். ரத்த அழுத்த மாத்திரையைப் போலவே பலருக்கு இது நீண்டகாலச் சிகிச்சை; செலவும் உடல்நிலையும் அதற்கு இடம் தருமா என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது நல்லது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம், உணவையும் பயிற்சியையும் அதற்கேற்பத் திட்டமிடலாம். நிறுத்திய பிறகும் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மூன்று கிலோ ஏறியதுமே வாருங்கள். பதினைந்து கிலோ ஏறும்வரை கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். எடை திரும்ப ஏறியதற்காக என் அறையில் யாரும் திட்டு வாங்குவதில்லை.