வெயில் சுட்டால் கரண்ட் குறையும்

அக்னி நட்சத்திர மத்தியானத்தில் எங்கள் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. இந்த வெயிலுக்கு சோலார் பேனல் கரண்டைக் கொட்டோ கொட்டென்று கொட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இன்வெர்ட்டரில் பார்த்தால், மாசி மாதத்தில் வந்த உச்ச அளவுகூட வரவில்லை.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது.

அதே மாடியில் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் வேறு ஜாதி. அதன் கண்ணாடிக் குழாய்களுக்கு இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம். உள்ளே போன சூடு எளிதில் வெளியேறாது. சூடான தண்ணீர் லேசாகித் தொட்டிக்கு ஏற, குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டாரே வேண்டாம். அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் 1891-லேயே இப்படி வெயிலில் தண்ணீர் காயவைக்கும் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வடாம் காயவைத்த எந்தப் பாட்டிக்கும் அந்தச் சூட்சுமம் புரிந்திருக்கும்.

வெளிச்சத்தைக் கரண்டாக்குவதுதான் லேசில் பிடிபடவில்லை. வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறப்பதை 1839-ல் பார்த்தவர் பிரான்சின் எட்மண்ட் பெக்கெரல். அப்போது அவருக்கு வயது 19. உருப்படியான சோலார் செல், அதாவது பேனலில் வரிசையாக இருக்கும் சின்னச் சில்லு, வர 1954 ஆனது. புழுக்கமான ஊர்களில் தொலைபேசிக் கருவிகளின் பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போயின. மாற்று தேடிய அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சிலிக்கானில் செல் செய்தார்கள். விழுந்த வெளிச்சத்தில் 6 சதவீதம் கரண்டாக மாறியது. இன்றைய வீட்டுப் பேனல்கள் 20-ஐத் தாண்டிவிட்டன.

செல்லுக்குள் இரண்டு அடுக்கு. ஒன்றில் பாஸ்பரஸ் கலந்திருப்பதால் எலக்ட்ரான் உபரி. மற்றதில் போரான், அதனால் பற்றாக்குறை. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மின்புலம் உருவாகி, ஒருவழிப் பாதை மாதிரி நிற்கும். வெளிச்சம் தட்டி எழுப்பிய எலக்ட்ரானை அது ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. திரும்பி வர அதற்கு ஒயர்தான் வழி. அந்த வழியில் நம் வீட்டு ஃபேன் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு செல் தருவது சுமார் அரை வோல்ட். சூடு ஏறினால் அதுவும் இறங்கும். பேனலில் அச்சிட்ட வாட் கணக்கு, செல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது வருவது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் போய்விடும். உச்சி வெயிலில் செல் 65 டிகிரியைத் தொட்டால் 12 முதல் 16 சதவீதம் காலி.

அப்புறம் நிழல். செல்கள் பூமாலைபோலத் தொடராக இணைந்தவை. பக்கத்து வீட்டுத் தென்னை ஓலை ஒன்று குறுக்கே விழுந்தாலே அந்த வரிசை முழுக்கச் சோர்ந்துவிடும். அடைபட்ட வரிசையைச் சுற்றிக்கொண்டு கரண்ட் போக டயோடு என்ற சின்ன மின்பாகம் உண்டு. ஆனாலும் அந்த வரிசையின் பங்கு நஷ்டம்தான்.

அடியில் காற்றோடி சூடு தணியட்டும் என்றுதான் பேனலைத் தரையோடு படுக்கவைக்காமல் ஸ்டாண்டில் தூக்கி வைக்கிறார்கள். எங்கள் மாடியில் அந்த நிழலில் வடாம் காயாது. மத்தியானமானால் பூனை ஒன்று வந்து படுத்துக்கொள்கிறது.