தேய்மானமா, ஆயுளா?

எஸ்எஸ்டி (சிப்புகளால் ஆன சேமிப்பு வட்டு), கைப்பேசி நினைவகம் ஆகியவற்றை இயக்கும் இயக்கி நிரல்களில் ‘வியர்’ (wear) என்று வருவதற்குத் தமிழ்ச்சொல் தேய்மானம். அதை ‘அணிதல்’ என்று தரும் இயந்திர மொழிபெயர்ப்பால் பெரிய கெடுதல் இல்லை. படிப்பவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். கெடுதல் செய்வது, 30% தேய்ந்ததைச் ‘சாதன ஆயுள் 30%’ என்று சொல்லி, நல்ல தமிழ்போலத் தோன்றி, பொருளைத் தலைகீழாக்கிவிடும் மொழியாக்கமே.

இவற்றில் உள்ள நேண்ட் ஃபிளாஷ் சிப்பின் செல்லில், அதாவது தரவை மின்னூட்டமாக வைக்கும் நுண்ணறையில், எழுதும்போதும் அழிக்கும்போதும் எலக்ட்ரான்கள் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தை ஊடுருவுகின்றன. படலம் ஒவ்வொரு முறையும் சிறிது பழுதுபட்டு, நாளடைவில் செல் மின்னூட்டத்தைத் தக்கவைக்க முடியாமல் போகிறது. ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகை ஏறத்தாழ 1,00,000 எழுதி அழிக்கும் சுழற்சிகளைத் தாங்கும். மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகைக்குச் சில ஆயிரமே அதிகம். ‘தேய்’ என்னும் வினையடியிலிருந்து, வருமானம், கட்டுமானம் போலப் பிறந்தது தேய்மானம். கணக்கர்கள் சொத்தின் மதிப்புக் குறைவுக்கும் இதையே வழங்குகிறார்கள். இடம் வேறு என்பதால் குழப்பமில்லை.

உள்ளே எதுவும் உரசவில்லையே, பின் எப்படித் தேயும் என்று கேட்டுச் ‘சிதைவு’ என்று எழுதுவோர் உண்டு. தேய்பிறையில் நிலவை எவரும் உரசுவதில்லை. ஆற்றாது அழுத கண்ணீரைச் ‘செல்வத்தைத் தேய்க்கும் படை’ என்ற வள்ளுவரும் உராய்வைக் கருதவில்லை. சிறிது சிறிதாகக் குறைவதே தேய்வு. சிதைவோ நடந்து முடிந்த கேடு: ‘40% சிதைவு’ என்று திரையில் கண்டவர், தம் கோப்புகளில் பாதி போயிற்றென்றே பதறுவார்.

‘ஆயுள்’ வந்த வழி வேறு. கைப்பேசி நினைவகத்துக்கான இஎம்எம்சி 5.0 தரநிலை, தேய்மானத்தைத் தெரிவிக்கும் புலத்துக்கு ‘டிவைஸ் லைஃப் டைம் எஸ்டிமேஷன்’ என்று பெயரிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலும் அதை ‘லைஃப் டைம்’ என்றே வெளியிடுகிறது. ஆனால் அதில் இருப்பது செலவான பங்கு. மதிப்பு 1 என்றால் 10% வரை தேய்ந்தது, 3 என்றால் 20 முதல் 30% வரை, 10 என்றால் 90 முதல் 100% வரை, 11 என்றால் மதிப்பிட்ட எல்லையைத் தாண்டியது. ஆங்கிலப் பெயரே சறுக்கல்தான். மொழிபெயர்த்தவர் தரநிலையின் அட்டவணையைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தார். தமிழில் ‘ஆயுள் 90%’ என்று படிக்கும் எவரும் அவ்வளவு மிச்சம் என்றே கொள்வார். ‘ஆயுள்’ வடசொல் என்று விலக்கி ‘வாழ்நாள்’ என்று திருத்தியவர்கள் தூய்மையைக் காத்ததோடு பிழையையும் சேர்த்தே காத்தார்கள்.

இது வெறும் சொற்சண்டை அன்று. மறுஆய்வுக்கு வந்த ஓர் இயக்கி நிரலில், மாறியின் பெயர் ‘ஆயுள்’ என்றிருந்ததால், எழுதியவர் 100இலிருந்து தேய்மானத்தைக் கழித்து, விடையை 0 முதல் 255 வரை மட்டும் கொள்ளும் குறியில்லா எட்டு பிட் எண்ணில் வைத்திருந்தார். என்விஎம்இ என்னும் புதிய இணைப்பு முறையில் வரும் எஸ்எஸ்டி கருவி தரும் பயன்பாட்டு விழுக்காடு 100ஐத் தாண்டி 255 வரை போகலாம் என்று தரநிலையே சொல்கிறது. 105 வந்தால் கழித்தலின் விடை −5. அந்த எட்டு பிட்டில் அது 251 ஆகிவிடும். எல்லையைத் தாண்டிய வட்டுக்கு 251% ஆயுள்! அதற்காக 100இல் வெட்டி நிறுத்துவதும் சரியன்று. 100 என்பது உற்பத்தியாளர் கணித்த எல்லையே, கருவி செத்துவிட்டது என்பதன்று. அதற்கு மேல் எவ்வளவு ஓடியது என்பது நிர்வாகிக்குத் தெரிய வேண்டும்.

சாட்டா என்னும் பழைய இணைப்பு முறையில் வரும் வட்டுகளால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இன்டெல் வட்டுகளின் ‘மீடியா வியர்அவுட் இண்டிகேட்டர்’ 100இல் தொடங்கி இறங்குகிறது. என்விஎம்இயின் எண் சுழியத்தில் தொடங்கி ஏறுகிறது. இரண்டையும் ‘ஆயுள்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பவர் எந்தத் திசையைச் சொல்கிறார்? ஏறுவதைத் ‘தேய்மானம்’ என்றும், இறங்குவதை ‘எஞ்சிய ஆயுள்’ என்றும் எழுதினால் போதும். ‘எஞ்சிய’ என்பதை மட்டும் இடம் போதவில்லை என்று வெட்டிவிடக் கூடாது.

‘வியர் லெவலிங்’ என்பதைத் ‘தேய்மானச் சமன்பாடு’ என்போரிடமும் ஒரு வழக்கு இருக்கிறது. சமன்பாடு கணக்கில் வருவது. இங்கே நடப்பது, எழுத்துச் சுமை ஒரே தொகுதியில் விழாமல் எல்லாத் தொகுதிகளுக்கும் பரவுவது. ‘தேய்மானப் பரவலாக்கம்’ என்றால் விளக்கமே வேண்டியதில்லை.