நாக்கில் குத்துவது குமிழியா?

ஷாம்பெயின் ஊற்றிய கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குமிழிகள் கண்ட இடத்தில் கிளம்புவதில்லை. கோப்பைக்குள் குறிப்பிட்ட சில புள்ளிகளிலிருந்து, நூலில் கோத்த மணி மாதிரி வரிசையாக ஏறி வருகின்றன. பிரான்சின் ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்து இயற்பியலர் ழெரார் லிஜே-பெலேர் அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். பெரும்பாலும் அங்கே ஒட்டியிருந்தது, கோப்பையைத் துடைத்த துணியின் பஞ்சிழை, இல்லாவிட்டால் காற்றில் வந்து விழுந்த தூசி.

பஞ்சிழை உள்ளே கூடான ஒரு குழல். ஒயினை ஊற்றும்போது அதற்குள் துளிக் காற்று மாட்டிக்கொள்கிறது. ஒயினில் கரைந்திருக்கும் கரியமில வாயு அந்தக் காற்றுக்குள் புகுந்து அதை ஊதிப் பெரிதாக்குகிறது. ஓரளவு வளர்ந்ததும் நுனியிலிருந்து ஒரு குமிழி பிய்த்துக்கொண்டு மேலே போகும். உள்ளே தங்கிய மிச்சம் அடுத்த குமிழிக்கு விதை. துளி தூசியும் கீறலும் இல்லாத கோப்பையில் ஊற்றினால் குமிழியே வராது. அதனால்தான் சில கோப்பைத் தயாரிப்பாளர்கள் அடிப்பகுதியில் லேசரால் வேண்டுமென்றே கீறி வைக்கிறார்கள். சுத்தத்துக்கும் ஓர் அளவு உண்டு போல!

சரி, அவ்வளவு வாயு எங்கிருந்து வந்தது? பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் சாதாரண ஒயினைத் தயாரித்து, பாட்டிலில் நிரப்பி, லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைகிறது. உள்ளே அழுத்தம் 6 வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 750 மில்லி பாட்டிலில் சுமார் 9 கிராம் வாயு இருக்கிறது. வெளியே விட்டால் 5 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

வேலை முடிந்து செத்த ஈஸ்ட்டும் வீண் போவதில்லை. மாதக்கணக்கில் பாட்டிலுக்குள்ளேயே கிடந்து சிதைந்து, சுட்ட ரொட்டி வாசனையைத் தருகிறது. இத்தாலியின் குமிழி ஒயினான புரொசெக்கோவில், சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து நடத்தும் இந்த இரண்டாவது நொதித்தல் பெரும்பாலும் பெரிய தொட்டியில் நடக்கிறது. காலமும் குறைவு. அதனால் அதில் ரொட்டியைவிட ஆப்பிள், பேரிக்காய் வாசனைதான் முந்தும்.

வாசனை மூக்குக்கு வருவதில் குமிழிக்குப் பெரிய பங்கு உண்டு. மேற்பரப்பில் ஒவ்வொரு குமிழி உடையும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகள் மேலே தெறிக்கின்றன. ஏறி வரும் வழியில் குமிழி சேர்த்துக்கொண்ட வாசனைப் பொருள்கள் அந்தத் துளிகளில் அடர்த்தியாக இருக்கும். ஆனால் கூடவே வரும் கரியமில வாயு மூக்கைச் சுள்ளென்று குத்தும். ஒடுங்கி உயர்ந்த கோப்பையில் இந்தத் தொல்லை அதிகம். அகன்று தட்டையான பழைய பாணிக் கோப்பையிலோ வாயு சீக்கிரம் ஓடிவிடும். வயிறு பெருத்து வாய் குறுகிய டூலிப் வடிவக் கோப்பைக்கே என் ஓட்டு. ஊற்றியதும் மூக்கை நுழைக்காமல் அரை நிமிடம் பொறுங்கள்.

அப்புறம், நாக்கு. சுரீரென்ற அந்த உணர்வு குமிழி வெடிப்பதால் வருகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில், கரியமில வாயுவை அமிலமாக மாற்றும் ஒரு நொதி நம் வாயில் இருக்கிறது. குத்துவது அந்த அமிலம். கோலி சோடாவுக்கும் இதே கணக்குதான். மலையேறுபவர்கள் உயர நோய்க்கு எடுத்துக்கொள்ளும் அசெட்டசோலமைடு மாத்திரை இந்த நொதியைத் தடுக்கிறது. மாத்திரை போட்டவர்களுக்கு பீரும் ஷாம்பெயினும் சப்பென்று இருப்பது இதனால்தான். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், குமிழியே உருவாக முடியாத உயரழுத்த அறையில் சோடா நீர் குடித்தவர்களுக்கும் அந்தக் குத்தல் குறையவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நாக்கில் குமிழி வந்து தொட்டால் குத்தல் இன்னும் கூடுகிறது. ஆக, குமிழிக்குத் துணை வேடம்தான்.

எனவே ருசிப்பது என்பது வாயுவைக் கைவசம் வைத்துக்கொள்ளும் கலை. பாட்டிலை 8 முதல் 10 டிகிரி வரை குளிரவையுங்கள். குளிரக் குளிர வாயு அடங்கியிருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் வாசனையும் சேர்ந்து அடங்கிவிடும். தக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள், பெருமூச்சு போன்ற சத்தம் போதும். பறக்கவிட்டால் தக்கை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும், கண் பத்திரம். பீர் ஊற்றுவது போலக் கோப்பையைச் சாய்த்து ஊற்றினால் வாயு அதிகம் தங்கும். ரெய்ம்ஸ் குழு 2010இல் இதை அளந்தே காட்டியது. ஒரு வாய் எடுத்ததும் உடனே விழுங்காமல் நுரை வாய் முழுக்கப் பரவ விடுங்கள்.

பாட்டிலில் எழுதியிருப்பதை நம்பி ஏமாறவும் வேண்டாம். ஒயினில் ‘டிரை’ என்றால் இனிப்பு குறைந்தது என்று பொருள். ஆனால் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது, இனிப்பைக் குறிக்கும் இன்னொரு பெயரான ‘புரூட்’டைவிட இனிப்பானது. மிஞ்சிய ஒயினைக் காக்க பாட்டில் கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிடும் வழக்கமும் ஐரோப்பாவில் உண்டு. கரண்டி ஒன்றும் செய்வதில்லை, காப்பாற்றுவது ஃபிரிட்ஜின் குளிர்.